புள்ளியும் படமும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்து மேற்கே சென்றால் ஸ்ரீபெரும்புதூரை அடைகிறோம். இராமானுசர் அவதரித்த தலம் என்று பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்ற ஊர் அது. அங்கிருந்து தெற்கே ஒரகடம் வரையில் பரந்துள்ள நிலப்பகுதி இன்று தொழிற்சாலைகளின் வரிசையாகக் காட்சியளிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் மோட்டார்க் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் காரும் சரக்கு வண்டியும் மோட்டார் சைக்கிளும் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆயினும் அந்தத் தொழில் அவ்வட்டாரத்தை விட்டு அகன்றுவிடவில்லை. உலகெங்கும் செல்லும் கைப்பேசிகள் இன்றும் அங்கே பொருத்தப்படுகின்றன. அவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு படக்கருவி இருக்கிறது.

அத்தகைய கைப்பேசியால் தன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்ட ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். அவன் ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். படம் 50 கிலோபைட்டுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அவன் படத்தைச் சிறிதாக்கி அனுப்பிவிட்டு, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மூலப்படத்தை அழித்துவிடுகிறான். சில மாதங்களுக்குப் பின் அதே படம் அச்சிட்ட வடிவில் தேவைப்படுகிறது. சிறிய படத்தை மீண்டும் பெரிதாக்குகிறான். முகம் கலங்கிப்போய், கண்ணும் புருவமும் ஒன்றோடொன்று குழைந்து நிற்கின்றன. "சிறிதாக்கியது போலவே பெரிதாக்கவும் முடிய வேண்டும் அல்லவா? போனது எங்கே போயிற்று?" என்று அவன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கணினியிலும் கைப்பேசியிலும் நாம் காணும் நிழற்படம் உண்மையில் ஒரு கட்டத்தாள். இதை விளங்கிக்கொள்ள நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடங்கிய மாவட்டத்தின் தலைநகரான காஞ்சிபுரத்துக்குச் சென்றால் போதும். அங்கே பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தானையும் வகுக்கும் ஓவியர், மாங்காயையோ அன்னத்தையோ முதலில் சிறு சிறு கட்டங்கள் இட்ட தாளில் வரைகிறார். பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தை ஒரு கட்டம் குறிக்கிறது. நிரப்பிய கட்டம் என்றால் அங்கே ஜரிகை மேலே தெரிய வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் மறைய வேண்டும். பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டளவில் அமைத்த பொறியின் வழியில், அந்தக் கட்டங்களுக்கு ஏற்ப அட்டைகளில் துளையிட்டு நெசவு நெய்தார்கள். இன்று அதே கட்டங்களைக் கணினித் திரையில் நிரப்பும் முறையும் வந்துவிட்டது. அன்னம் வளைந்த கழுத்தோடு தோன்றினாலும் அதன் உள்ளே இருப்பவை சதுரங்கள் மட்டுமே.

நிழற்படத்தின் கட்டத்தைப் பிக்சல் என்கிறார்கள். தமிழில் படப்புள்ளி எனலாம். நிழற்படம் ஒன்றை முதன்முதலாக இவ்வாறு புள்ளிகளாகப் பகுத்துக் கணினிக்குள் செலுத்தியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரஸ்ஸல் கிர்ஷ். 1957ஆம் ஆண்டு அவர் தம் கைக்குழந்தையின் படத்தைப் பக்கத்துக்கு 176 புள்ளிகளாகப் பகுத்தார். 176ஐ 176ஆல் பெருக்கினால் 30,976. அத்தனை புள்ளிகளே அந்தப் படத்தின் முழுச் செல்வம். இன்றைய கைப்பேசியோ அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 என்று 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை ஒரு நொடியில் பதிவுசெய்கிறது.

ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது என்ன? வண்ணமன்று, எண். கறுப்பு வெள்ளைப் படமானால் ஒரே எண் போதும். 0 என்றால் முழு இருள்; 255 என்றால் முழு வெண்மை; இடையிலுள்ளவை சாம்பல் நிறத்தின் படிகள். வண்ணப் படமானால் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று எண்கள். 256ஐ மும்முறை பெருக்கினால் வரும் 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 வண்ணங்களை இம்மூன்று எண்களாலேயே காட்டிவிடலாம். ஆகவே, படத்தைத் திருத்துவது என்றால் எண்களைத் திருத்துவதே. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிய கணக்குகளே.

முதலில் சிறிதாக்கும் கணக்கைப் பார்ப்போம். ஒரு வரிசையில் 0, 200, 0, 200, 0, 200 என்று ஆறு புள்ளிகள் இருக்கின்றன என்று கொள்வோம். கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் மெல்லிய கோடிட்ட துணி அது. இதை மூன்று புள்ளிகளாகக் குறைக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தால் 0, 0, 0 என்று ஆகிறது. கோடிட்ட துணி கரிய துணியாகிவிட்டது! வேறு இடத்திலிருந்து எடுக்கத் தொடங்கினால் 200, 200, 200 என்று வெள்ளைத் துணியாகிவிடும். எனவே நல்ல முறை என்பது, இரண்டிரண்டு புள்ளிகளின் சராசரியை எடுப்பது. அப்போது 100, 100, 100 என்று வரும். தொலைவில் நின்று அந்தத் துணியைப் பார்த்தால் நம் கண்ணுக்கும் சாம்பல் நிறமாகத்தானே தோன்றும்? சராசரி முறை கண்ணுக்கு நேர்மையானது. நெருங்கிய கட்டம் போட்ட சட்டையோ புடவையோ படத்தில் விசித்திரமான அலைகளோடு தோன்றுவதைப் பலமுறை கண்டிருப்பீர்கள். துணியின் கோடுகள் புள்ளிகளைவிட நெருக்கமாக இருக்கும்போது எழும் மாயத் தோற்றம் அது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 100, 100, 100 என்ற விடையை மட்டும் ஒருவர் கையில் கொடுத்து, "இது முன்பு எப்படி இருந்தது?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? கோடிட்ட துணியாக இருந்திருக்கலாம். தொடக்கத்திலிருந்தே சாம்பல் துணியாகவும் இருந்திருக்கலாம். 0, 200 என்ற இணைக்கும் சராசரி 100. 90, 110 என்ற இணைக்கும் சராசரி 100. கூட்டிய பிறகு கூட்டுத்தொகையைப் பார்த்து எண்களைச் சொல்ல முடியாது. நம் மாணவன் தேடும் பொருள் தொலைந்த இடம் இதுதான். அவன் 200 புள்ளி அகலமும் 230 புள்ளி உயரமுமாகப் படத்தைக் குறைத்திருந்தால், 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருந்த படத்தில் எஞ்சியவை 46,000 மட்டுமே.

இனிப் பெரிதாக்கும் கணக்கு. 40, 80 என்ற இரு புள்ளிகளை நான்காக்க வேண்டும். மிக எளிய வழி, ஒவ்வொன்றையும் இரட்டிப்பது: 40, 40, 80, 80. இதனால் சாய்கோடுகள் எல்லாம் படிக்கட்டுகளாகத் தோன்றும். இரண்டாம் வழி, இடைவெளியை நிரவி நிரப்புவது: 40க்கும் 80க்கும் நடுவே 60 என்று இடுவது. படிக்கட்டு மறைகிறது, ஆனால் படம் மங்குகிறது. சுற்றியுள்ள 4 புள்ளிகளைக் கொண்டு நிரவும் முறையும், 16 புள்ளிகளைக் கொண்டு நிரவும் முறையும் கணினிகளில் உண்டு. பின்னது சற்றுக் கூர்மையான படத்தைத் தரும். ஆயினும் 60 என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? காட்சியிலிருந்து வரவில்லை, கணக்கிலிருந்து வந்தது. உண்மையில் அவ்விடத்தில் 200 என்ற ஒளியோடு ஒரு மெல்லிய வெள்ளை நூல் கிடந்திருக்கக் கூடும். அதைப் படக்கருவி பதிவுசெய்யவில்லையானால் எந்தக் கணக்கும் அதைக் கொண்டுவராது.

அண்மைக் காலத்தில் செயற்கை அறிவு என்னும் முறையால் படங்களைப் பெரிதாக்குகிறார்கள். லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய நிரல், "இத்தகைய மங்கலான இடத்தில் பெரும்பாலும் இமைமயிர் இருக்கும்" என்று கருதி அங்கே இமைமயிரை வரைந்துவிடுகிறது. பார்ப்பதற்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்த இமைமயிர் நம் மாணவனுடையதன்று. நிரல் முன்பு கண்ட எத்தனையோ பேருடைய இமைகளின் சாயல். கெட்டிக்காரத்தனமான ஊகமேயாயினும் ஊகம் ஊகமே.

ஊகம் என்றாலே குற்றம் என்று கொள்ள வேண்டா. படக்கருவியினுள்ளேயே ஊகம் உண்டு. பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு புள்ளியின் மீதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரே நிறக் கண்ணாடிதான் பதிக்கப்பட்டிருக்கும். மற்ற இரு நிறங்களின் அளவை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்புகிறார்கள். கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்று அளந்தது. இரண்டு அண்டையைக் கேட்டு அறிந்தது. ஊகம் எவ்வளவு, எந்த எல்லைக்குள் என்று தெரிந்திருந்தால் அதனால் தீங்கில்லை. ஊகத்தைக் கண்ட உண்மை என்று நம்பிவிடும்போதுதான் தீங்கு பிறக்கிறது.

அளவு மாற்றுவதைப் போலவே ஒளியை மாற்றுவதிலும் இழப்பு உண்டு. முகம் இருண்டிருக்கிறது என்று எல்லாப் புள்ளிகளோடும் 40ஐக் கூட்டுகிறோம். 100 என்பது 140 ஆகிறது, நல்லது. ஆனால் நெற்றியில் அடுத்தடுத்து இருந்த 230, 250 என்ற இரு புள்ளிகள் என்ன ஆகும்? 270, 290 என்று ஆக வேண்டும். ஆனால் 255க்கு மேல் எண்ணுக்கு இடமில்லை. ஆகவே இரண்டும் 255 என்றே நின்றுவிடும். "அதிகமாகிவிட்டதே" என்று மீண்டும் 40ஐக் கழித்தால் இரண்டும் 215 ஆகின்றன. பழைய 230உம் 250உம் திரும்பவில்லை. கூட்டியதைக் கழித்தால் பழையது வரும் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் நீரை ஊற்றினால் வழிந்த நீர் மண்ணுக்குப் போய்விடுவது போன்றது இது.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளுக்குத் தலைக்கு மூன்று எண் என்றால் 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள் தேவை. ஆனால் கைப்பேசியில் அப்படம் சில மெகாபைட்டுகளில் அடங்கிவிடுகிறது. 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் என்னும் முறை, படத்தை எட்டுக்கு எட்டு என்ற சிறு சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்மைகளைக் களைந்துவிடுகிறது. ஒருமுறை களைந்தால் நமக்குத் தெரியாது. திறந்து திருத்திச் சேமித்து, மீண்டும் திறந்து திருத்திச் சேமித்தால் களைந்ததிலிருந்தே மறுபடியும் களைகிறது. நகலின் நகலை நகலெடுத்த தாளைப் போல அப்படம் தேய்ந்துபோகும். களையாமல் சுருக்கும் பி.என்.ஜி. போன்ற முறைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு இடம் மிகுதியாகத் தேவை.

"ஒரு முகம் மங்கினால் என்ன பெரிய நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் இந்தக் கணக்கு வெறும் அழகுக் கணக்கன்று. மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஆலைகளிலும் வண்டி உறுப்புகளைச் செய்யும் ஆலைகளிலும் பொருளைச் சோதிக்கும் வேலையை இன்று படக்கருவிகள் செய்கின்றன. சுற்றுப்பலகையில் பற்றவைப்புச் சரியாக அமைந்ததா, உலோகத்தில் கீறல் உண்டா என்று புள்ளிகளின் எண்களைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். 200 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொருளை 2,000 புள்ளி அகலமுள்ள கருவி பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிக்கு 0.1 மில்லிமீட்டர். அதில் 0.02 மில்லிமீட்டர் அகலமுள்ள வெடிப்பு ஒன்று இருந்தால் அது ஒரு புள்ளியின் ஐந்தில் ஒரு பங்கு. தன் புள்ளியை அது சற்றே இருட்டக் கூடும், அவ்வளவே. அது வெடிப்பா, கறையா, நிழலா என்று அந்தப் புள்ளி கூறாது. திரையில் பத்து மடங்கு பெரிதாக்கினாலும் கூறாது. செய்ய வேண்டியது, கருவியை அருகே கொண்டுபோவது. அல்லது வேறு வில்லையை மாட்டுவது. படத்தைப் பளபளப்பாக்கும் நிரலைப் பயன்படுத்தினாலோ, "இத்தகைய உலோகம் பொதுவாக வழுவழுப்பாக இருக்கும்" என்று கருதி அந்த இருண்ட புள்ளியையும் அது வெளுத்துவிடும். அந்த உறுப்பு ஒரு வண்டியின் நிறுத்துக்கருவியாக இருந்தால் விளைவு என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலைக்குள்ளிருந்து வெளியே வந்து, அது நிற்கும் நிலத்தைப் பாருங்கள். ஏரியும் வயலுமாக இருந்த பகுதி இது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி எனப் பல நீர்நிலைகள் இன்றும் இங்கே உள்ளன. ஆலைகள் வருவதற்கு முன் இந்நிலம் எவ்வாறு இருந்தது என்று அறிய விரும்பினால் வானிலிருந்து எடுத்த படங்கள் துணைசெய்யும். 1988ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஐ.ஆர்.எஸ்.1ஏ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. அதிலிருந்த ஒரு வகைக் கருவிக்கு ஒரு புள்ளி 72.5 மீட்டர், மற்றொரு வகைக்கு 36.25 மீட்டர். பின்னதையே எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 32 சென்ட் நிலத்துக்கு ஒரே புள்ளி. நூறு ஏக்கர் ஏரி அதில் சுமார் 300 புள்ளிகளாக விழும். நீர் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதை அதைக் கொண்டு நன்றாக மதிப்பிடலாம். ஆனால் ஏரிக்கரையில் இருந்த ஒரு கிணறும், இரு வயல்களுக்கு நடுவே ஓடிய வரப்பும், ஓர் ஏழையின் குடிசையும் ஒரே புள்ளிக்குள் கரைந்துபோனவை.

2019ஆம் ஆண்டு ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3 தரும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழக் கால் மீட்டர். முன்பு ஒரு புள்ளி இருந்த இடத்தில் இப்போது 145க்கு 145 என 21,025 புள்ளிகள்! இவற்றில் கிணறும் தெரியும்; வரப்பும் தெரியும். ஆயினும் 2019ஆம் ஆண்டின் கூர்மையை 1988ஆம் ஆண்டின் படத்துக்கு ஊட்ட முடியுமா? ஒரு நிரல் அவ்வாறு ஊட்டித் தருகிறேன் என்று கூறி, பழைய படத்தில் ஒரு கிணற்றை வரைந்து காட்டலாம். ஒரு வரப்பைச் சற்றுத் தள்ளியும் போடலாம். அதைச் சான்றாகக் கொண்டு ஒருவருடைய நிலத்தின் எல்லையையோ இழப்பீட்டையோ ஏரியின் கரையையோ முடிவு செய்தால் எத்தகைய அநீதி நேரும்! பதியாததைப் பற்றி அந்த 32 சென்ட் புள்ளி ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது. அது சொல்லாததை நாம் சொல்லவைக்கக் கூடாது.

இவ்விடத்தில் மீண்டும் காஞ்சிபுரத்து ஓவியரை நினைவுகூர்வோம். கரையில் இருக்கும் சிறிய மாங்காயை முந்தானைக்காக அவர் இரண்டு மடங்கு பெரிதாக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்துக்கு நான்கு கட்டம் என்று அவர் வெறுமனே பெருக்கினால் வளைவுகள் படிக்கட்டாகிவிடும். ஆதலால் விளிம்பைப் புதிதாக வரைகிறார். உள்ளே கிடைத்த வெற்றிடத்தில் ஒரு சிறு பூவையும் கொடியையும் சேர்க்கிறார். முன்பு இல்லாததை அவர் சேர்க்கிறார், நாம் பாராட்டுகிறோம். செயற்கை அறிவும் இல்லாததைத்தான் சேர்க்கிறது. அதை மட்டும் ஏன் ஐயுறுகிறோம்? மாங்காய் ஓவியருடைய படைப்பு. எங்கே எதைச் சேர்த்தார் என்பதை அவர் அறிவார். புடவையை வாங்குபவரும் அதை மாங்காயின் நிழற்படம் என்று எண்ணுவதில்லை. நிழற்படமோ சாட்சி சொல்ல வந்தது. படைப்பவருக்குச் சேர்க்கும் உரிமை உண்டு; சாட்சிக்கு அந்த உரிமை இல்லை.

மாணவர்களே, இவற்றிலிருந்து நீங்கள் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் சில. மூலப்படத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள். அதை ஓரிடத்தில் பத்திரமாக வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். எத்தனை அளவுகள் தேவைப்பட்டாலும் ஒவ்வொன்றையும் மூலத்திலிருந்தே ஆக்குங்கள். சிறிதிலிருந்து பெரிதை ஆக்க முயலாதீர்கள். அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் மாற்றுங்கள். விகிதம் பொருந்தாவிட்டால் ஓரத்தை வெட்டுங்கள், முகத்தை நசுக்காதீர்கள். அச்சிடுமுன் புள்ளிகளை எண்ணுங்கள். தெளிவான அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது வழக்கம். 3.5 சென்டிமீட்டர் அகலமுள்ள முகப்படத்துக்கு 413 புள்ளிகள் தேவை. நம் மாணவனிடம் இருந்தவை 200, அவை 1.7 சென்டிமீட்டருக்கே போதும்.

இன்று மாலை ஒரு கட்டத்தாளை எடுத்து, எட்டுக்கு எட்டு என்ற சதுரத்துள் ஒரு வட்டத்தைக் கட்டங்களை நிரப்பி வரையுங்கள். பிறகு அதை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, பதினாறுக்குப் பதினாறாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். அவர் படிக்கட்டுகளை வழவழப்பாக்கி அழகிய வட்டம் ஒன்றை வரைந்து தருவார். அப்போது, "நான் வரைந்தது வட்டமன்று, எண்கோணம்" என்று கூறிப் பாருங்கள். அவர் முகத்தில் தோன்றும் வியப்பே, இதுவரை நான் கூறியவற்றுக்கெல்லாம் போதிய விளக்கமாக அமையும்.